சந்தேகம் வந்ததுமே ஃபோனை எடுங்கள்: தொற்றுநோயைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கும் முறை

காய்ச்சலோடு ஒரு குழந்தை வருகிறது. மூக்கு ஒழுகுகிறது, கண் சிவந்திருக்கிறது, இருமல் விடவில்லை. காதுக்குப் பின்னால் தொடங்கிய சிவப்புத் தடிப்பு முகமெல்லாம் படர்ந்து நெஞ்சுக்கு இறங்கியிருக்கிறது. தட்டம்மைதான் என்று மனசு சொல்கிறது. ஆனால் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு, ரிசல்ட் வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்துவிடுகிறோம். மருத்துவராகி வந்த புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அப்படி இருக்கக் கூடாது. நோயாளியோடு பழகியவர்களுக்கு, பழகியதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் தட்டம்மை வராமல் தடுக்க வாய்ப்பு உண்டு. தடுப்பூசி போட முடியாத கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம் கொண்ட ஊசி) கொடுக்க 6 நாள் அவகாசம். ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் அந்த நாட்கள் கையைவிட்டுப் போய்விடும். 'சந்தேகம்' என்று சொல்லித் தெரிவிப்பது முறையான அறிவிப்புதான். பிறகு தட்டம்மை இல்லை என்று தெரிந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

முதலில், உங்கள் பகுதியில் எந்தெந்த நோய்களைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற பட்டியலை வாங்கி, ஃபோனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பட்டியல் இடத்துக்கு இடம் மாறும். சிலவற்றை உடனே ஃபோனில் சொல்ல வேண்டும், சிலவற்றைச் சில நாட்களுக்குள் படிவத்தில் அனுப்பினால் போதும். இரவிலும் விடுமுறை நாளிலும் யாரைக் கூப்பிடுவது என்ற எண்ணையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெரியம்மை, இயற்கையான போலியோ வைரஸால் வரும் இளம்பிள்ளைவாதம், சார்ஸ் என்ற கடும் சுவாச நோய், மனிதரிடம் புதுவகை இன்ஃப்ளூயன்சா ஆகிய நான்கில் ஒருவருக்கு வந்தாலும், மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் அந்த நாடு உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். சர்வதேச சுகாதார விதிமுறைகள் (2005) சொல்வது இது. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி நம்முடைய ஃபோன்தான். பட்டியலில் இல்லாத, என்னவென்றே புரியாத காய்ச்சல் ஒரே இடத்தில் பலருக்கு வந்தாலும் கூப்பிடுங்கள்.

ஃபோன் செய்யும் முன் பெயர், வயது, முகவரி, தொடர்பு எண், அறிகுறிகள், போட்ட தடுப்பூசிகள், சமீபத்திய பயணம், படிக்கும் அல்லது வேலை செய்யும் இடம், எடுத்த மாதிரிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இவற்றோடு இன்னொன்றும் வேண்டும்: நோய் தொடங்கிய தேதி. பலரும் தவறவிடுவது இதைத்தான். ஒருமுறை நான் படிவத்தில் அந்தத் தேதிக்கான கட்டத்தில், குழந்தை என்னிடம் வந்த தேதியை எழுதிவிட்டேன். தடிப்பு தொடங்கியது அதற்கு மூன்று நாள் முன்பு. தட்டம்மை, தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரவும். என் தேதியை வைத்துக் கணக்குப் போட்டதில், அந்தக் குழந்தை பள்ளிக்குப் போயிருந்த நாட்கள் விசாரணையில் விட்டுப்போயின. அந்த வகுப்புப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது. "எப்போ ஆரம்பித்தது?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அம்மாக்களுக்குத் தேதி நினைவுக்கு வராது. "கடைசியா பள்ளிக்கூடம் போன அன்னைக்கு முகத்துல தடிப்பு இருந்துச்சா? அதுக்கு முந்தின நாள் குளிப்பாட்டும்போது?" என்று கேளுங்கள், வந்துவிடும்.

15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கையோ காலோ திடீரென்று துவண்டுபோனால், போலியோ இல்லை என்று நீங்களே முடிவுகட்டாமல் தெரிவியுங்கள். 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் தேவை. செயலிழப்பு தொடங்கிய 14 நாளுக்குள் எடுத்து, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும்.

லேப் சொல்லியிருக்கும் என்று மருத்துவரும், மருத்துவர் சொல்லியிருப்பார் என்று லேபும் இருந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. இருவருமே சொல்லுங்கள். இரண்டு முறை பதிவானால் சுகாதாரத் துறையினர் ஒன்றாக்கிக்கொள்வார்கள்.

குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "சுகாதாரத் துறையிலிருந்து வருவாங்க, மத்த பிள்ளைங்களுக்கு நோய் வராம பாத்துக்கத்தான்." தகவல் அந்த அலுவலகத்துக்கு மட்டும் போகட்டும். வாட்ஸ்அப் குழுவில் நோயாளியின் பெயரையோ படத்தையோ போடவே கூடாது.

பேசி முடித்ததும் யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வாராந்திர அறிக்கை கேட்கும் இடமென்றால், ஒரு நோயாளியும் வராத வாரத்திலும் 'பூஜ்யம்' என்று எழுதி அனுப்புங்கள். வெற்றுத்தாளைப் பார்த்து, நோய் இல்லையா, அறிக்கை வரவில்லையா என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியாது.