ஞானப்பல் ஈறு வீங்கிச் சீழ் பிடித்தால்: மருத்துவரிடம் போகும்வரை என்ன செய்வது?

கீழ்த்தாடையின் கோடியில் ஈறு வீங்கியிருக்கிறது. வாயைத் திறந்தால் தாடை பிடித்து இழுக்கிறது. எச்சில் விழுங்கினால் காதுவரை குத்துகிறது. பல் துலக்கிய பிறகும் வாயில் கசப்பான சுவையும் நாற்றமும் போவதில்லை. 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் இருப்பவருக்கு இப்படி வந்தால், ஞானப்பல்லைச் சுற்றிய ஈற்றில் தொற்று ஏற்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். மருத்துவர்கள் இதைப் பெரிகொரோனைட்டிஸ் என்கிறார்கள். அந்த வயதைத் தாண்டியவர்களுக்கும் இது வருவதுண்டு.

எங்கிருந்து வருகிறது இந்தத் தொற்று? முளைக்க இடம் போதாமல் பல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மீதிப் பாதியை ஈறு மூடிக் கிடக்கிறது. அந்த ஈற்று மடிப்பு ஒரு சட்டைப் பையைப் போன்றது. உள்ளே போன உணவுத் துணுக்கு தானாக வெளியே வராது, பிரஷும் அங்கே எட்டாது. காற்றுப் புகாத அந்த இடுக்கில் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன, மடிப்பு வீங்குகிறது. வீங்கிய மடிப்பை மேல்தாடைப் பல் ஒவ்வொரு கடியிலும் நசுக்க, புண் மேலும் மோசமாகிறது. எனவே அந்த இடுக்கு சுத்தமாகாமல் இந்தத் தொற்று அடங்காது. மாத்திரை வலியைத்தான் குறைக்கும், அழுக்கை எடுக்காது.

முதல் படி: ஆபத்து அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள்

வேறு எதையும் செய்யும் முன் இதைச் செய்யுங்கள். மூச்சு விடச் சிரமம், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழிவது, குரல் மாறுவது, நாக்குக்கு அடியிலுள்ள தளம் கெட்டியாகி மேலே எழும்புவது, வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கோ மேலே கண்ணுக்கோ பரவுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கீழ்க் கடைவாய்ப் பல்லின் தொற்று நாக்கின் அடிப்பகுதிக்கும் கழுத்துக்கும் இறங்கி மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். 1836-ல் வில்ஹெல்ம் ஃபிரெடெரிக் ஃபான் லூட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்ததால் லூட்விக் ஆஞ்சைனா என்று பெயர். அரிதாக வருவதுதான், வந்துவிட்டால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிப் போகும்.

இரண்டு எளிய அளவீடுகளும் உதவும். முன்பற்களுக்கு இடையே விரல்களைச் செங்குத்தாக அடுக்கிப் பாருங்கள். வழக்கமாக மூன்று விரல் நுழையும். ஒரு விரலுக்கு மேல் நுழையவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடுத்தது உடல் வெப்பம். வலி மாத்திரை போட்டால் காய்ச்சலும் இறங்கி மறைந்துவிடும் என்பதால், மாத்திரைக்கு முன்பே தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால், தொற்று ஈற்றைத் தாண்டி உடலைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பல் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்

வலி பொறுக்கும்படி இருந்தாலும் இன்றே கேட்டு வையுங்கள். கீழே சொல்லும் எல்லாமே அந்தச் சந்திப்புவரை தாக்குப்பிடிக்கத்தான்.

மூன்றாம் படி: உப்பு நீரில் கொப்பளியுங்கள்

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். கொதிநீர் வேண்டாம், புண்ணான ஈறு எளிதில் வெந்துவிடும். ஒரு வாய் நீரை எடுத்து, தலையை வலிக்கும் பக்கம் சாய்த்து, அரை நிமிடம் அங்கேயே தேக்கி மெல்ல அலசித் துப்புங்கள். டம்ளர் தீரும்வரை இப்படிச் செய்யுங்கள். நாளுக்கு நான்கைந்து முறை, குறிப்பாக ஒவ்வொரு உணவுக்குப் பிறகும். சீழோ கெட்ட சுவையோ வந்தால் பயப்பட வேண்டாம், அது வெளியே வருவதுதான் நல்லது.

குளோர்ஹெக்சிடின் வாய்கழுவி கிடைத்தால் காலையும் இரவும் பயன்படுத்தலாம். பற்பசை அதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் பல் துலக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள். நாள்கணக்கில் நீடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். எனவே மருத்துவர் சொன்ன காலத்துக்கு மேல் வேண்டாம்.

நான்காம் படி: அந்த இடத்தைத் துலக்காமல் விடாதீர்கள்

வலிக்கிறது என்று அந்தப் பக்கத்தையே தொடாமல் விட்டுவிடத்தான் எல்லோருக்கும் தோன்றும். விட்டால் அழுக்கு சேர்ந்து வலி இன்னும் ஏறும். சிறிய தலையுள்ள மென்மையான பிரஷை எடுத்து, வாயைப் பாதி மட்டும் திறந்து, கடைசிப் பல்லின் பின்புறம்வரை மெதுவாகக் கொண்டுபோங்கள். வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகி பிரஷுக்கு இடம் இருக்காது. லேசாக ரத்தம் கசிந்தால் நிறுத்த வேண்டியதில்லை. குச்சி, ஊசி போன்றவற்றால் மடிப்பைக் குத்திச் சீழ் எடுக்க மட்டும் முயலாதீர்கள்.

ஐந்தாம் படி: வலி மாத்திரையை அளவறிந்து போடுங்கள்

பல் வலிக்கு, வீக்கத்தையும் சேர்த்துத் தணிக்கும் ஐபுபுரூஃபென் நன்றாகக் கேட்கும். பெரியவர்களுக்கு 200 முதல் 400 மி.கி., உணவுக்குப் பிறகு. மருத்துவர் சொல்லாமல் நாளொன்றுக்கு 1,200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரக நோய், வலி மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் இதைத் தொடக் கூடாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டுப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம்: ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மி.கி., 24 மணி நேரத்தில் 4,000 மி.கி.க்கு மேல் கூடவே கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தாலோ எடை குறைவாக இருந்தாலோ உச்ச அளவு இதைவிடக் குறையும். சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருப்பதால் அட்டையைப் படித்துப் பாருங்கள்.

ஆஸ்பிரினை ஈற்றின் மேல் வைத்து அழுத்துவது பழைய பழக்கம். அது ஈற்றை வெந்துபோகச் செய்யும். நீர்க்காத கிராம்பு எண்ணெயும் அப்படியே. கன்னத்தில் சூடு ஒற்றுவதற்குப் பதில், துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கால் மணி நேரம் வைத்து எடுங்கள். படுத்தால் வலி தெறிக்கிறது என்றால் தலையணையை உயர்த்திக்கொள்ளுங்கள்.

முன்பு மீந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை நீங்களாகப் போடாதீர்கள். மடிப்புக்குள் அழுக்கு இருக்கும்வரை அவை அடக்கினாலும் தொற்று திரும்ப வரும். காய்ச்சல் இருந்தாலோ தொற்று பரவினாலோ மருத்துவரே எழுதித் தருவார். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தால், அதைச் சாப்பிடும் நாட்களிலும் முடிந்த பிறகு இரண்டு மூன்று நாள்வரையும் மது அருந்தக் கூடாது.

ஆறாம் படி: மருத்துவரிடம் என்ன நடக்கும்?

முதலில் மடிப்புக்கு அடியில் மருந்து நீரைப் பீய்ச்சிக் கழுவுவார். இந்த ஒன்றிலேயே பலருக்குப் பெரிய நிம்மதி கிடைக்கும். மேல்பல் ஈற்றைக் கடித்துக்கொண்டிருந்தால் அதன் முனையைத் தேய்ப்பார் அல்லது அந்தப் பல்லை எடுத்துவிடுவார். எக்ஸ்ரேயில் பல் சாய்ந்திருக்கிறதா, வேர் தாடை நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்ப்பார். நரம்பு நெருக்கமாக இருந்தால், பல்லை எடுத்த பிறகு கீழுதட்டில் மரத்துப்போகும் அபாயம் உண்டு. அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

ஒருமுறை வந்ததற்கே பல்லை எடுக்க வேண்டுமா? பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2000-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் தடவை மிகக் கடுமையாக இல்லாவிட்டால் அதுவே காரணமாகாது, இரண்டாம் முறை வந்தால் எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ஆனால் முதல் தடவை வலி போய்விட்டது என்று சந்திப்பையே ரத்து செய்துவிடாதீர்கள். மடிப்பு அப்படியே இருக்கிறது.

பல்லை எடுத்துவிட்டால்

பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். முதல் 24 மணி நேரம் கொப்பளிப்பதும் துப்புவதும் ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும் வேண்டாம். புகைப்பதை இன்னும் சில நாள் தள்ளிவையுங்கள். குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரிந்து கடுமையாக வலிக்கும். டிரை சாக்கெட் என்பது இதுதான். முதல் இரண்டு நாள் குறைந்துகொண்டே வந்த வலி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திடீரென ஏறினால், மாத்திரையைக் கூட்டாமல் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். குழியைக் கழுவி மருந்து வைப்பார், வலி பெரும்பாலும் அன்றே தணியத் தொடங்கும்.