மடியில் கனம் இல்லாவிட்டாலும் டிக்கியைத் திறக்காதீர்கள்

டல்லாஸ் பக்கம் புதிதாக வந்து இறங்கும் நம் பிள்ளைகளுக்கு எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிக்கிறார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பி, வங்கிக் கணக்கு தொடங்கு, ஓட்டுநர் உரிமம் எடு, இர்விங்கில் எந்தக் கடையில் முருங்கைக்காய் கிடைக்கும் என்று தெரிந்துகொள். இவையெல்லாம் ஒரு மாதத்தில் தாமாக நடந்துவிடும். போலீஸ்காரர் காரை நிறுத்தினால் எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் சொல்லவில்லை. அதற்கு விலையாகப் பதினொரு மாதமும் என் தங்கையின் கல்யாணமும் போயின.

முதலில் சடங்குகளைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் விளக்கு மின்னினால் வலது ஓரமாக நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மீது வையுங்கள். நம் ஊரில் வண்டியை நிறுத்தியதும் இறங்கிப் போய், "சார்" என்று நிற்பதுதான் மரியாதை. இங்கே அப்படி இறங்கி நடந்தால் அவர் கை துப்பாக்கிக்குப் போகும். அவர் இறங்கச் சொன்னால் மட்டும் இறங்குங்கள். அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977லேயே தீர்த்துவிட்டது. உரிமத்தையும் காப்பீட்டுத் தாளையும் எடுக்கும் முன் எங்கே கை வைக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு எடுங்கள். நாட்டுக்குள் நுழைந்ததைப் பதிவு செய்யும் ஐ-94 ஆவணத்தின் நகல் ஒன்று எப்போதும் உங்களிடம் இருக்கட்டும். பதினெட்டு வயது தாண்டிய வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பணம் கொடுத்துச் சமாளிக்கும் எண்ணம் மனதின் மூலையில்கூட இருக்கக் கூடாது.

இனி என் கதை. அப்பா ஆறு மாதம் வந்து தங்கிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அடுத்த வாரம் ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லாண்டில் உள்ள மீனாட்சி கோயிலுக்குத் தனியாகக் கிளம்பினேன். நெடுஞ்சாலையில் இண்டிகேட்டர் போடாமல் தடம் மாறினேன் என்று நிறுத்தினார் ஓர் அதிகாரி. கண்ணியமானவர். எச்சரிக்கைத் தாளை எழுதி, உரிமத்தைத் திருப்பித் தந்து, "பத்திரமாகப் போங்கள்" என்றார். இரண்டு அடி நகர்ந்தவர் திரும்பி வந்து ஒன்று கேட்டார்: "யூ டோன்ட் மைண்ட் இஃப் ஐ டேக் எ க்விக் லுக், டூ யூ?" காரை ஒருமுறை பார்த்துக்கொண்டால் ஆட்சேபம் இல்லையே என்று அர்த்தம்.

நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இருபுறமும் ஆட்டி, "நோ, நோ ப்ராப்ளம் சார்" என்றேன்.

அந்த நான்கு சொற்கள்தான் எனக்கு நானே வைத்துக்கொண்ட கண்ணி. "மடியில் கனம் இல்லாவிட்டால் வழியில் பயமில்லை" என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள் நாம். மறுத்தால் திருடன் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம் வேறு. போதாக்குறைக்கு, எதிர்மறையாகக் கேட்கும் ஆங்கிலக் கேள்விக்கு நம் நாக்கு எப்போதும் தடுமாறும். ஆனால் என் மடியில் கனம் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. டேஷ்போர்டு பெட்டிக்குள் அப்பா விட்டுப்போன முதுகுவலி மாத்திரை அட்டை கிடந்தது. ஆறு மாத்திரைகள், பெயர் டிரமடால். ஊரில் மருத்துவர் எழுதிக் கொடுத்தது. சீட்டு ஊரிலேயே இருந்தது. அமெரிக்காவில் 2014 முதல் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. யாருக்கு எழுதிக் கொடுத்தார்களோ அவர் அல்லாத வேறொருவர் வைத்திருந்தால் குற்றம்.

அங்கே இரண்டாவது தவறையும் செய்தேன். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார் என்று நம்பி, "அப்பாவுடையது, எனக்கு முதுகு வலித்தபோது நானும் ஒன்று போட்டேன்" என்றேன். அந்த வாக்கியம் அப்படியே அறிக்கையில் ஏறியது. அந்த இரவு சிறையில். மறுநாள் ஜாமீன்.

"நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அந்தச் சோதனையையே நான் கோர்ட்டில் கேள்வி கேட்டிருப்பேன். கதவைத் திறந்துவிட்டது நீங்கள்" என்றார் வக்கீல். அவர் விளக்கியதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அமெரிக்கா ஆங்கிலேயர் வசம் இருந்தபோது அவர்களின் சுங்க அதிகாரிகள் ஒரு பொது வாரண்டை வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்தார்கள். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 1791இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்ந்த நான்காவது திருத்தம். நியாயமற்ற சோதனை, பறிமுதல், கைது ஆகியவற்றுக்கு அது அணை போடுகிறது. இங்கே விசாவில் வாழும் நமக்கும் அது பொருந்தும். நம் அரசியல் சட்டத்தில் இதற்கு நேரான பிரிவு இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றமே 1954இல் சொன்னது. சட்டவிரோதமாகச் சோதனை போட்டு எடுத்த பொருளும் சாட்சியாக நிற்கும் என்று 1973இல் தீர்ப்பளித்தது. ஊரில் நாமறிந்ததெல்லாம் இரண்டு சாட்சிகளும், எடுத்ததை எழுதிக் கையெழுத்து வாங்கும் மகஜரும்தான். இங்கே நேர்மாறு: தவறான வழியில் எடுத்த சாட்சியம் மாநில நீதிமன்றங்களிலும் செல்லாது என்று 1961இலேயே சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவு பெரிய அணையில் ஒரு மதகு இருக்கிறது. அதன் பெயர் சம்மதம். நீங்கள் சரி என்று சொல்லிவிட்டால் வாரண்ட் வேண்டாம், சந்தேகத்துக்குக் காரணமும் வேண்டாம். மறுக்கும் உரிமை இருக்கிறது என்று போலீஸ்காரர் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்கிறது 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பு. உரிமத்தைத் திருப்பித் தந்த பிறகு, "இனி நீங்கள் போகலாம்" என்று அறிவிக்க வேண்டியதில்லை என்கிறது 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு. உரிமம் என் கைக்கு வந்த நொடியில் நான் காரைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கலாம்! அது தெரியாமல்தான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆகவே இந்த இரண்டு வாக்கியங்களை அபிராமி அந்தாதி போல மனப்பாடம் செய்யுங்கள். "ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்சஸ், சார்" (எந்தச் சோதனைக்கும் நான் சம்மதிக்கவில்லை). "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" (நான் போகலாமா?). தலையை ஆட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள். அந்தப் பக்கவாட்டு ஆட்டல் இங்கே சம்மதமாகவே எழுதப்படும். மறுப்பது மட்டுமே சந்தேகத்துக்குக் காரணமாகாது. மோப்ப நாய் வரட்டும் என்று, டிக்கெட் எழுதி முடித்த பிறகும் காரணமின்றி உங்களைக் காக்க வைக்க முடியாது. அது 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நீங்கள் மறுத்தும் அவர் காரைத் திறந்தால் தடுக்காதீர்கள், கையை நீட்டாதீர்கள். காரில் குற்றப் பொருள் இருப்பதாக வலுவான ஆதாரம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே சோதிக்கலாம் என்பது 1925 முதல் உள்ள விதி. அந்த ஆதாரம் உண்மையில் இருந்ததா என்பதைக் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். சாலையில் வாதாடவே கூடாது. இதே டெக்சாஸில் சீட் பெல்ட் போடாத ஒரு தாயைக் கைவிலங்கிட்டு அழைத்துப் போனார்கள். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 50 டாலர். அந்தக் கைது செல்லும் என்றுதான் 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வீட்டுக் கதவைத் தட்டினால் திறக்காமலே பேசலாம். அவசர நிலைகள் தவிர, உள்ளே வர நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேண்டும். கதவிடுக்கு வழியாகக் கேட்டு வாங்கிப் படியுங்கள். குடியேற்றத் துறை தானே தயாரிக்கும் ஆணையில் நீதிபதியின் கையெழுத்து இருக்காது. நான்கு பேர் சேர்ந்து இருக்கும் அபார்ட்மெண்டில் உங்கள் அறை நண்பரின் ஒரு "ஓகே" கூடம், சமையலறை எல்லாவற்றையும் திறந்துவிடும். நீங்களும் வாசலில் நின்று மறுத்தால்தான் உங்களுக்குக் காப்பு. குடிவந்த முதல் நாளே இதை உட்கார்ந்து பேசிவிடுங்கள். கைபேசிக்கு, கைது செய்த பிறகும்கூட, தனி வாரண்ட் வேண்டும் என்று 2014இல் தீர்ப்பு வந்தது. விமான நிலையக் குடியேற்ற வரிசையில் மட்டும் இந்தக் கதையெல்லாம் எடுபடாது. எல்லையில் பெட்டியையும் கைபேசியையும் வாரண்ட் இல்லாமலே பார்க்கிறார்கள்.

கைது செய்துவிட்டால், "நான் பேச விரும்பவில்லை, வக்கீல் வேண்டும்" என்று வாய்திறந்து சொல்லுங்கள். வெறுமனே மௌனமாக இருப்பது மௌன உரிமையைக் கோரியதாகாது என்பது 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பேசாமல் இருக்க உரிமை உண்டு என்று போலீஸ்காரர் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற மிராண்டா எச்சரிக்கை சாலையோர விசாரணைக்குத் தேவையில்லை. நான் அது வருமென்று நினைத்தே ஏமாந்தேன். நம் ஊரில் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இங்கே வாரண்ட் இல்லாத கைது சரியா என்று பொதுவாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி பார்க்க வேண்டும். இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டும். டெக்சாஸுக்கு அது ஹூஸ்டனில் இருக்கிறது. குற்ற வழக்கு வக்கீலோடு குடியேற்ற வக்கீலையும் சேர்த்துப் பிடியுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தையில் இருந்தால் வழக்கு கழிந்துவிடும் என்று ஆசை காட்டுவார்கள். மாநிலக் கோர்ட்டில் அது தண்டனை ஆகாமல் போகலாம், குடியேற்றச் சட்டத்தில் தண்டனையாகவே எண்ணப்படும்.

என் வழக்கு கடைசியில் தள்ளுபடியானது. அதுவரை நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்றார் வக்கீல். தாய்மாமன் சீரும் அண்ணன் செய்ய வேண்டிய பொரியிடலும் நானில்லாமல் நடந்தன. சித்தப்பா மகன் என் இடத்தில் நின்றான். நான் நள்ளிரவில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை விஷயத்தை அப்பாவிடம் சொல்லவே கூடாது என்று இருந்தேன். எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது.

இந்த மார்ச்சில் மறுபடியும் வந்தார். இந்த முறை ரத்த அழுத்த மாத்திரை மட்டும்தான். மருத்துவர் சீட்டு, கடை பில், மாத்திரை அட்டை மூன்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேரும்வரை அதைக் கீழே வைக்கவே இல்லை.