சென்ட்ரல் லைன் போட்டபின் எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டியவை

சென்ட்ரல் லைன் (இதயத்தருகே உள்ள பெரிய சிரை வரை செலுத்தும் குழாய்) போட்டு முடித்ததும் எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயில், பலருடைய கண் நேராகக் குழாயின் முனைக்குப் போய்விடும். முனையைக் கடைசியாகப் பாருங்கள். தோலில் நுழையும் இடத்தில் தொடங்கி, குழாய் போகும் வழி முழுவதையும் கண்ணால் தொடர்ந்து வந்து முனையில் முடியுங்கள். தப்பான வழியில் போன குழாயின் முனையும் படத்தில் சரியான இடத்தில் இருப்பதுபோல் தெரியக்கூடும்.

அதற்கு முன் படம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இரு காறை எலும்புகளின் உள்முனைகளும் நடு முதுகெலும்பிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். நோயாளி திரும்பியிருந்தால் முனை இருக்கும் இடம் ஏமாற்றும். மார்பின் மேல் கிடக்கும் ஈசிஜி வயர்களை ஒதுக்கிவிட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

வலது கழுத்துச் சிரை வழியாகப் போட்ட குழாய் முதுகெலும்பின் வலது ஓரமாக நேரே கீழிறங்கும். காறை எலும்புக்குக் கீழே போட்டது உள்நோக்கிப் போய்ப் பின் கீழே வளையும். அது மேலே திரும்பிக் கழுத்துக்குள் ஏறியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். கரைனா அருகே, அதாவது மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தருகே, முனை குட்டையாகச் சுருண்டோ வெள்ளைப் புள்ளியாகவோ தெரிந்தால் முதுகெலும்பை ஒட்டி ஓடும் அசைகஸ் சிரைக்குள் போயிருக்கலாம். பக்கவாட்டுப் படத்தில் அது பின்னோக்கி வளைவது தெளிவாகத் தெரியும்.

குழாய் இதயத்தின் இடது ஓரமாக இறங்குகிறதா? கருவிலேயே மறைய வேண்டிய இடது மேற்பெருஞ்சிரை (மேலுடலின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரை) மறையாமல் இருக்கலாம், சிறு கிளைச் சிரை ஒன்றில் போயிருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தமனியைத்தான். எக்ஸ்ரே எந்த ரத்தக்குழாய் என்று உறுதியாகச் சொல்லாது. பிளட் கேஸ் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவுச் சோதனை) எடுங்கள், அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசரை இணைத்து அழுத்த அலையைப் பாருங்கள். தமனி என்று உறுதியானால் அந்தத் தடித்த குழாயைப் பிடுங்கிவிட்டு அழுத்திப் பிடிக்கக் கூடாது. அப்படியே விட்டு, எந்த மருந்தும் ஏற்றாமல், ரத்தநாள அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பிடுங்கினால் ரத்தக்கசிவும் பக்கவாதமும் வரக்கூடும்.

இப்போது முனை. அளவுகோலாகக் கரைனாவை வைத்துக்கொள்ளுங்கள். மேற்பெருஞ்சிரை வலது ஏட்ரியத்தில் (இதயத்தின் வலது மேலறை) சேரும் இடம் கரைனாவுக்கு ஏறக்குறைய இரண்டு முள்ளெலும்பு உயரம் கீழே இருக்கும். வலப்பக்கம் போட்ட குழாயின் முனை கரைனா மட்டத்திலோ சற்றுக் கீழேயோ நின்றால் போதும். வெகு ஆழமாகப் போனால் துடிப்பு ஒழுங்கு கெடும். அரிதாக இதயச் சுவர் அரிபட்டு, இதய உறைக்குள் திரவம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

இடப்பக்கக் குழாய்க்குக் கணக்கு வேறு. அது கிட்டத்தட்டப் படுக்கையாக வந்து மேற்பெருஞ்சிரைக்குள் நுழைவதால், நீளம் குறைந்தால் முனை வலது சுவரில் குத்திக்கொண்டு நிற்கும். நாளடைவில் சுவர் அரிந்து மருந்து நுரையீரலுறைக்குள் கொட்டும். அதனால் இதன் முனை கரைனாவுக்குக் கீழே, சிரையின் சுவருக்கு இணையாக இருக்க வேண்டும். தோலுக்கடியில் சுரங்கம்போல் வழி (டனல்) செய்து போடும் டயாலிசிஸ் குழாயின் முனை வலது ஏட்ரியத்திலேயே இருக்கலாம். கைச் சிரை வழியாகப் போடும் பிஐசிசி லைனில் கையை உடலோடு சேர்த்தால் முனை சில செ.மீ. உள்ளே இறங்கும், படம் எடுத்தபோது கை எப்படி இருந்தது என்று குறித்து வையுங்கள்.

ஆழமாக இருந்தால் இழுக்கலாம். குறைவாக இருந்தால், கிருமிநீக்கிய துணிகளை எடுத்தபின் உள்ளே தள்ளக் கூடாது. கைடுவயர் (குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி) வைத்து மாற்றுங்கள். இழுக்கும்போது இன்னொன்றையும் யோசியுங்கள்: மூன்று வழிக் குழாயின் மேல் துளை முனைக்குச் சில செ.மீ. முன்னதாகவே திறக்கிறது. அது சிரைக்கு வெளியே வந்துவிட்டால் ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் போன்ற மருந்து திசுவுக்குள் கசியும்.

நியூமோதோராக்ஸை (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) தேடும்போது, ஊசி குத்திப் பார்த்து விட்டுவிட்ட பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். படுத்திருக்கும் நோயாளியில் காற்று நுரையீரல் உச்சியில் நிற்காமல் முன்புறமும் கீழும் சேரும். விலா-உதரவிதானக் கோணம் வழக்கத்தைவிட ஆழமாகவும் கருமையாகவும் தெரிவதே துப்பு. இதற்கு அல்ட்ராசவுண்ட் இன்னும் கூர்மையானது: நுரையீரல் வழுக்கும் அசைவு தெரிந்தால் அந்த இடத்தில் காற்று இல்லை. முதல் படம் சுத்தமாக இருந்தும் பின்னால் மூச்சு வாங்கினால் மறுபடி எடுங்கள்.

அல்ட்ராசவுண்ட் கையில் இருந்தால் துளையை அகலமாக்கும் டைலேட்டர் ஏற்றும் முன்பே கைடுவயர் சிரைக்குள் இருப்பதைப் பாருங்கள். தமனி விபத்தைத் தடுக்கும் இடம் அதுதான். குழாய் போட்டபின் விலா எலும்புக்குக் கீழிருந்து இதயத்தைப் பார்த்தபடி, கடைசித் துளை வழியாக 10 மி.லி. சலைனை வேகமாகச் செலுத்துங்கள். 2 நொடிக்குள் வலது ஏட்ரியத்தில் குமிழிகள் பொங்கினால் குழாய் சரியான சிரையில் இருக்கிறது. தாமதித்தாலோ வராவிட்டாலோ வேறெங்கோ போயிருக்கலாம்.

நாள்பட்ட கீமோ போர்ட்டில் (புற்றுநோய் மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சாதனம்) சலைன் போகிறது, ரத்தம் வரவில்லை என்றால், முனையில் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப்புரதம்) உறை படிந்திருக்கலாம். ஃப்ளோரோஸ்கோப்பியில் (ஓடும் எக்ஸ்ரே படம்) கான்ட்ராஸ்ட் என்னும் எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தைச் செலுத்தினால் அது குழாயை ஒட்டியே பின்னோக்கி வழிவது தெரியும். கையைத் தூக்கினால் மட்டும் ரத்தம் வருகிறதென்றால், காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே குழாய் நசுங்குகிறதா என்று பாருங்கள். அந்தப் படத்தைக் கைகளைத் தொங்கவிட்டே எடுக்க வேண்டும். தூக்கினால் நசுங்கல் மறைந்துவிடும். அங்கே குழாய் குறுகியிருந்தால் போர்ட்டைக் கழற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் குழாய் அறுந்து, துண்டு இதயத்துக்குள் போய்விடக்கூடும்.