சின்ன வயசில் பார்த்த கார்ட்டூன் சேனலுக்கு வருஷம் கண்டுபிடிப்பது எப்படி?

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் கேபிள் வேலை பார்த்தவன் நான். "அண்ணா, நாங்க பார்த்த அந்த சேனல் எங்கே போச்சு?" என்று இன்றும் கேட்கிறார்கள். பெரும்பாலும் பெயர்தான் மாறியிருக்கும்.

அதிகம் குழப்புவது டிஸ்னி தொடங்கிய ஒரு சேனல். 2004 டிசம்பரில் டூன் டிஸ்னியாக வந்தது. ஜெட்டிக்ஸ் என்ற நிகழ்ச்சித் தொகுப்பும் அதிலேயே ஓடியது. 2009 நவம்பரில் டிஸ்னி எக்ஸ்டி, 2019 ஜனவரியில் மார்வெல் ஹெச்க்யூ, 2022 மார்ச்சில் சூப்பர் ஹங்காமா. முதலில் இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஹங்காமா 2004இலிருந்தே இருக்கும் வேறு சேனல். ஷின்சானை அங்கே பார்த்தவர்கள் இந்தத் தாளில் தேட வேண்டாம்.

நிகழ்ச்சியின் பெயரை நம்பாதீர்கள். மறு ஒளிபரப்பு வருஷக்கணக்கில் ஓடும். மூலையில் இருந்த லோகோதான் சரியான சாட்சி.

லோகோ ஞாபகம் வரவில்லையா? சரி, எந்த மொழியில் கேட்டீர்கள் என்று யோசியுங்கள். சாட்டிலைட்டிலிருந்து ஒரே படத்தோடு இந்தி, தமிழ், தெலுங்கு எல்லாம் சேர்ந்தே வரும். செட்டாப் பாக்ஸ் இல்லாத பழைய அனலாக் கேபிளில் வீட்டுக்கு ஒரு மொழிதான் போகும். எது என்பதைக் கண்ட்ரோல் ரூமில்தான் முடிவு செய்வோம். எங்கள் பக்கம் தமிழ் வீடுகள் நிறைய என்பதால் ரிசீவரில் தமிழை வைத்திருந்தோம். லீவுக்கு வேறு ஊர் போன பிள்ளைகள் அதே கார்ட்டூனை இந்தியில் பார்த்துவிட்டு வேறு சேனல் என்று நினைத்ததுண்டு. ரிமோட்டில் மொழி மாற்றிய ஞாபகம் இருந்தால் அது டிடிஹெச்சோ (வீட்டிலேயே டிஷ் வைத்துப் பார்ப்பது) கேபிள் செட்டாப் பாக்ஸோ வந்த பிறகு. கேபிளில் அனலாக்கை நிறுத்த அரசு வைத்த கடைசிக் கெடு 2017 மார்ச் 31.

டோரா தமிழில் பேசியது சுட்டி டிவியில் என்றால், 2007 ஏப்ரலுக்குப் பிறகு. மலையாளக் கார்ட்டூன் சேனலான கொச்சு டிவி 2011 அக்டோபரில்தான் வந்தது.

2019இல் மட்டும் கவனம் வேண்டும். பிப்ரவரியில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி வேண்டிய சேனலை வீடு வீடாக டிக் அடித்து வாங்கினோம். பல வீடுகளில் பிள்ளைகள் சேனல்தான் முதலில் வெட்டுப்பட்டது. எக்ஸ்டி மார்வெல் ஆனதும் அதற்குச் சில நாள் முன்புதான். அதனால்தான் சேனலையே மூடிவிட்டார்கள் என்று பலர் இன்னும் சொல்கிறார்கள்.

அப்புறம், வீட்டில் பழைய பிறந்தநாள் வீடியோ இருந்தால் எடுங்கள். கேக் வெட்டும்போது பின்னால் டிவி ஓடினால், அங்கே நிறுத்தி மூலையைப் பெரிதாக்குங்கள். லோகோவும் தேதியும் ஒன்றாகக் கிடைத்துவிடும்.