இருக்கம் தீவுக்குப் போகிறவர்களுக்கு

டொராண்டோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வரும் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்பது, "கூட்டம் இல்லாத இடமா ஒண்ணு சொல்லுங்க" என்பதைத்தான். நான் இருப்பது தடாவில். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் வரும் முதல் ஆந்திர ஊர்களில் ஒன்று. என் சின்ன அத்தை வாழ்க்கைப்பட்டது பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் இருக்கம் தீவில். அந்தத் தீவைத்தான் நான் சொல்வேன்.

வரைபடத்தில் அது இரக்கம் என்றும் இருக்கும், இரகம் என்றும் இருக்கும்; குழம்ப வேண்டாம். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்த பிறகு எங்கள் பக்கம் திருப்பதி மாவட்டமாகிவிட்டது. பழைய தகவல்களில் நெல்லூர் மாவட்டம் என்றே பார்ப்பீர்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை தமிழ்நாட்டில். பெயர்ப்பலகை தெலுங்கில் இருந்தாலும் தீவில் வீட்டுப் பேச்சு தமிழ்தான். நடுநடுவே தெலுங்குச் சொல் வந்து விழும். அண்ணா, அக்கா என்று கூப்பிடுங்கள். வயதானவரை நைனா என்றால் முகம் மலர்ந்துவிடும்.

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்தில் சூளூர்ப்பேட்டை மின்ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தடா. பல வண்டிகள் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும், ஏறுமுன் பலகையைப் பாருங்கள். தடாவிலிருந்து ஆட்டோவில் பீமுனிவாரிபாளையம் படகுத்துறை. அங்கிருந்து படகு.

படகு விஷயத்தில் நான் கண்டிப்பாகப் பேசுவேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகச் சுற்றப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஏரி ஆழமில்லைதானே என்று நினைப்பவர்கள் அதை நினைத்துப் பார்க்கட்டும். பெரும்பாலான இடங்களில் இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீர்தான். ஆனால் கீழே சேறு, மேலே திடீர்க் காற்று. ஊர்க்காரர்கள் தினமும் போய்வரும் படகிலேயே போங்கள். ஆள் நிறைந்துவிட்டால் அடுத்ததற்குக் காத்திருங்கள். குழந்தைகளின் அளவுக்கு மிதவைச் சட்டை துறையில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், வரும்போதே கொண்டுவாருங்கள். படகில் நின்றுகொண்டு படம் எடுக்க வேண்டாம். கடைசிப் படகு எப்போது என்பதை இறங்கியதும் ஓட்டுபவரிடமே கேளுங்கள். ஒருமுறை நான் வேறு யாரிடமோ கேட்டு, துறைக்கு வந்தபோது படகு போய்விட்டிருந்தது. கையில் கைக்குழந்தை, மாற்றுத் துணி இல்லை. அன்றிரவு அத்தை வீடு இருந்ததால் தப்பித்தேன்.

தங்குவதைப் பற்றி. லாட்ஜை நம்பிப் போகிற ஊர் இல்லை அது. தெரிந்த குடும்பம் இருந்தால் அவர்கள் வீட்டில் தங்கலாம், இல்லையென்றால் காலையில் போய் மாலையில் திரும்புங்கள். இரவு தங்க சூளூர்ப்பேட்டையில் விடுதிகள் உண்டு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். சின்ன விடுதிகள் அந்த வேலைக்குப் பயந்து இடமில்லை என்றுவிடும். முன்பே போனில் கேட்டு உறுதி செய்யுங்கள். வீட்டில் தங்கினாலும் இந்தப் பேச்சை முதலிலேயே பேசிவிடுங்கள், உங்களால் அவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது.

வீட்டில் தங்கினால் காசை நேரே நீட்டாதீர்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி என்று தடாவிலேயே வாங்கிப் போங்கள். அங்கே எல்லாம் படகில் வந்தாக வேண்டும், உங்கள் மூட்டைக்கு உண்மையிலேயே பயன் இருக்கும். குளிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும் என்று பழகுங்கள். குப்பையைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வீட்டு ஆண்கள் விடியலுக்கு முன்பே எழுந்து போனால் உங்களைக் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். இந்த ஏரிக்கரை மீனவர் ஊர்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் நன்றாகப் படும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் தன் பாட்டைத் தவறவிட்டால் மறுபடி முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். விருந்தாளி வந்ததற்காக அதை யாரும் விடமாட்டார்கள், விடச் சொல்லவும் கூடாது. அவர் வரும்வரை கரையில் நில்லுங்கள். வலையிலிருந்து நண்டைப் பிரித்தெடுக்கும் விரல்களின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே அரை நாள் போய்விடும். மடவை மீன் குழம்பும் இறால் தொக்கும் எப்போது இலைக்கு வரும் என்பது அன்றைய வலையைப் பொறுத்தது.

ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால் நாள்கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள். கோடையில் தண்ணீர் வற்றிப் படகு சேற்றில் தட்டும். பூநாரை பார்க்க ஆசைப்படுபவர்கள் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் ஏரிச் சாலையில் காலையில் போங்கள், இருபுறமும் இளஞ்சிவப்பாக நிற்கும். கூழைக்கடா கூடு கட்டுவதைப் பார்க்க வடக்கே நேலபட்டு. பூநாரைத் திருவிழா நாட்களில் மட்டும் விடுதி கிடைப்பது கஷ்டம்.

ட்ரோன் கண்டிப்பாக வேண்டாம். வெளிநாட்டுக் குடிமக்கள் இந்தியாவில் ட்ரோன் பறக்கவிட அனுமதியில்லை. அதிலும் இங்கே பக்கத்திலேயே ராக்கெட் ஏவுதளம். ஏவும் நாளென்றால் படகுப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், கெடுபிடி அதிகம்.

புறப்படும்போது அத்தை போன்றவர்கள் கருவாட்டைப் பொட்டலம் கட்டிக் கையில் திணிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அவர்கள் மனசு தாங்காது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து திரும்புகிறவர்கள் அதை வருகை அட்டையில் எழுதிக் காட்டியே ஆக வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாமென்றால் சென்னையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.