மாவு டின்னை மாற்றுவதற்கு முன்: மூத்தோர் எடைப்பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் மூத்தோருக்கான எடைப்பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். வருபவர்களில் சிலர் தசை பலத்துக்கென்று டின்னில் வரும் அமினோ அமிலப் பொடியைக் கரைத்துக் குடிக்கிறார்கள்; அதைத்தான் 'மாவு' என்பார்கள். அமினோ அமிலங்கள் என்பவை புரதத்தின் கூறுகள். பழையவர்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே, கிட்டத்தட்ட அதே வரிசையில், புதிதாகச் சேருபவர்களும் செய்கிறார்கள். செருப்போடு வருவது, வெறும் வயிற்றில் வருவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை முதல் வாரமே உடம்பு சொல்லிக் கொடுத்துவிடும்.

எடையை ஏற்றாமல் டின்னை மாற்றுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அங்கிள் எங்கள் வகுப்புக்கு வருவார். தேக்கா சந்தையில் வாங்கிய 5 கிலோ அரிசிப் பை ஒரு கையில் தொங்கும். அதை மூலையில் வைத்துவிட்டு, 1 கிலோ டம்பெல்லை எடுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேரன் கதை சொல்லிக்கொண்டே இருபது தடவை தூக்குவார். மூச்சும் வாங்காது, கதையும் நிற்காது. மாதக்கணக்கில் அதே டம்பெல். ஆனால் நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றித்தான் எழுவார்.

ஒருநாள், "மாவு சரியில்லை தம்பி. வேற ஒண்ணு இருக்காம், வெலதான் கொஞ்சம் கூட" என்றார். மகன் வாங்கிக் கொடுத்த அமினோ அமில டின் தீர்ந்துபோயிருந்தது. எடையைக் கூட்டலாம் என்றேன். "வயசான காலத்துல எதுக்குப்பா?" என்று சிரித்தார். அடுத்த வாரம் புது டின் வந்துவிட்டது, டம்பெல் மாறவில்லை.

அரிசிப் பை தூக்குகிற கைக்கு 1 கிலோ ஒரு பொருட்டே இல்லை. பழகிய பளுவைத் தாண்டினால்தான் தசை பலம் சேர்க்கும். வயது ஒரு சாக்கு அல்ல. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரியாக 87 வயதான 100 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1994இல் வெளியானது. 10 வாரம் கனமான எடையோடு பயிற்சி செய்தவர்களின் கால் பலம் இரண்டு மடங்கைத் தாண்டியது. ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களின் தசைப் பலவீனம் குறையவில்லை. அது அமினோ அமிலப் பொடி அல்ல, சரி. ஆனாலும் டின்னை மட்டும் நம்புபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எடை சரியா என்று பார்க்க வழி எளிது. 8 முதல் 12 தடவை தூக்குங்கள்; கடைசி இரண்டு தடவை பேச்சு வராத அளவுக்குச் சிரமமாக இருக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வகுப்புகளில் 12 தடவையும் சுலபமாக வந்துவிட்டால் கொஞ்சம் ஏற்றுங்கள். நாற்காலிப் பயிற்சியும் அப்படித்தான்: முதலில் கையூன்றி, பிறகு ஊன்றாமல், அப்புறம் நெஞ்சோடு ஒரு பையை அணைத்துக்கொண்டு. உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்குங்கள். பாதிப் பலன் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது.

அங்கிள் பிறகு 4 கிலோவுக்குப் போனார். இப்போது தூக்கும்போது கதை சொல்வதில்லை. பழைய டின்களுக்குக் கொடுத்த பணம்தான் போனது போனதுதான்.

பிசிஏஏ இருந்தால் போதும் என்பது

உணவிலிருந்தே கிடைக்க வேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது. பிசிஏஏ (BCAA, கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள்) டின்னில் இருப்பவை மூன்றுதான். அதில் ஒன்றான லியூசின் தசைப் புரத உற்பத்தியை முடுக்கிவிடும்; மீதி ஆறு இல்லாமல் அந்த உற்பத்தி வெகுதூரம் போகாது. முட்டை, மீன், பால், பாலிலிருந்து எடுக்கும் வே புரதம் இவற்றில் ஒன்பதும் உண்டு.

கொலாஜன்

இதுவும் டின்னில் விற்கும் ஒரு புரதப் பொடிதான். தசைக்கு வேண்டாம். அந்த ஒன்பதில் ஒன்றான டிரிப்டோஃபான் இல்லை, லியூசினும் குறைவு.

புரதத்தை இரவுக்கே ஒதுக்குவது

காலையில் இரண்டு தோசை, தண்ணியான சாம்பார், ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்). மதியம் ஏதோ ஒன்று. இரவு மீன்குழம்பு. நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான். வயதானால் தசை புரதத்துக்கு மந்தமாகத்தான் பதில் சொல்லும். அதனால் ஒரு வேளைக்கு 25 முதல் 30 கிராம் கிடைப்பது நல்லது. காலைத் தோசையோடு இரண்டு முட்டை, ஒரு கிளாஸ் பால் சேர்த்தாலே 20 கிராம் ஏறும். இப்படிச் சாப்பிட முடிந்தால் டின்னே வேண்டாம். பசி இல்லாதவர்களுக்கும் மெல்ல முடியாதவர்களுக்கும்தான் பொடி உண்மையில் உதவும்.

மூச்சைப் பிடிப்பது

ரத்த அழுத்தம் ஏறும். தூக்கும்போது ஊதுங்கள்.

மருத்துவரிடம் சொல்லாமல் குடிப்பது

சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தின் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: குடலில் அமினோ அமிலங்களும் அந்த மருந்தும் ஒரே வழியாக உள்ளே போகப் போட்டி போடும், மருந்து சரியாக வேலை செய்யாமல் போகலாம். பலதுறை மருந்தகத்துக்கு அடுத்த முறை போகும்போது டின்னையே பையில் போட்டு எடுத்துப் போங்கள். "ஏதோ சத்து மாவு" என்று வாயால் சொன்னால் மருந்தாளருக்கு ஒன்றும் விளங்காது.