மனசு கனக்கும்போது பினாங்குக் கடலோரம் படம் பிடிக்கப் போவது எப்படி?

வேலை அழுத்தம் தலைக்கு மேல் ஏறிவிட்டால், "சும்மா இரு" என்று மனசிடம் சொல்லிப் பயனில்லை. கைக்கும் கண்ணுக்கும் ஒரு வேலை கொடுத்தால் அது தானாக அடங்கும். படம் பிடிப்பது அப்படிப்பட்ட வேலை. விலை உயர்ந்த கேமரா வேண்டாம், கைப்பேசி போதும்.

1. இடமும் நேரமும்

புதியவர்களுக்கு நான் சொல்வது ஜார்ஜ்டவுனின் கிழக்குக் கரையைத்தான். வெல்டு கீ என்ற கரையோரச் சாலையில் உள்ள 'தான் ஜெட்டி' (Tan Jetty, கடலுக்குள் தூண்கள் மேல் எழுப்பிய வீடுகளின் குடியிருப்பு) தொடங்கி, கடலோரமாகவே பாடாங் கோத்தா என்ற கடற்கரைத் திடல் வரை நடக்கலாம். இரண்டு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இந்தக் கரை பெருநிலத்தைப் பார்த்திருப்பதால் பட்டர்வொர்த் பக்கம் சூரியன் எழுவது நேராகத் தெரியும். பினாங்கில் எந்த மாதமானாலும் 7 மணிக்கும் 7.40க்கும் இடையில் விடிந்துவிடும். 6.45க்கு அங்கே இருங்கள்.

2. கைப்பேசியைத் தயார் செய்தல்

ஏர்பிளேன் மோடில் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அலுவலக வாட்ஸ்அப் குழுவும் கூடவே நடக்க வரும். லென்ஸைத் துடையுங்கள். கேமரா அமைப்பில் கட்டக்கோடுகள் (grid) தெரியும்படி வையுங்கள், படம் சாயாமல் எடுக்க உதவும்.

3. மூச்சு

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் பழகுங்கள். விடியற்காலையில் வெளிச்சம் குறைவு. அதனால் கேமரா ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். அந்த நேரத்தில் கை சற்று ஆடினாலும் படம் கலங்கிவிடும். இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூச்சை இழுங்கள். பிறகு மெல்ல, நீளமாக விடுங்கள். விட்டு முடிக்கும் தறுவாயில் பட்டனைத் தொடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். நீண்ட மூச்சு உடம்பைத் தளர்த்தும். படம் ஆடாமல் இருக்கச் செய்வதும் படபடப்பைத் தணிப்பதும் ஒரே மூச்சுதான். ஒவ்வொரு படத்துக்கும் இப்படிச் செய்து பாருங்கள், தோள் இறுக்கம் விடுவது உங்களுக்கே தெரியும்.

4. ஒரே இடத்தில் பத்து நிமிடம்

தான் ஜெட்டியின் பலகைப் பாதையில் ஓரிடம் பார்த்து நில்லுங்கள். திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சக் குறியைக் கீழே இழுங்கள். வெளுத்துக் கிடந்த வானத்தில் நிறம் வரும். பிறகு பார்வையைத் தாழ்த்துங்கள். நீர் வற்றியிருந்தால் தூண்களில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வாழும் சிறு கடலுயிர், barnacle) அப்பியிருக்கும். அது எந்த உயரத்தில் நிற்கிறதோ, கடல் ஏறும் அளவு அது. சேற்றில் கொக்கு இரை தேடும். அது தலையைத் தாழ்த்தும் வரை காத்திருந்து எடுங்கள். இந்தக் காத்திருப்புதான் மருந்து. எடுத்த படத்தை அங்கேயே திறந்து பார்க்காதீர்கள்.

ஒன்று கட்டாயம்: ஜெட்டி வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. தூங்கும் நேரம் அது. உரக்கப் பேசாதீர்கள், சன்னலுக்குள் கேமராவைத் திருப்பாதீர்கள், ஆட்களை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

5. நடை

படகு முனையத்தைத் தாண்டி வடக்கே வந்தால் விக்டோரியா மணிக்கூண்டு வரும். விக்டோரியா மகாராணியின் 60 ஆண்டு ஆட்சிக்கு ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்தில் கட்டியது. கட்டக்கோட்டை இதோடு பொருத்தி நேராக்காதீர்கள், இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் இது கொஞ்சம் சாய்ந்துவிட்டது. பாடாங் கோத்தா கரைச்சுவருக்குப் போய்க் கடலும் வானும் சேரும் கோட்டோடு பொருத்திப் பழகுங்கள்.

6. முடிந்த பிறகு

லிட்டில் இந்தியா பக்கத்தில்தான். தோசையோ ரொட்டி சானாயோ பசியாறிவிட்டு, அப்போது படங்களைத் திறங்கள். பிடித்த ஐந்தை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். முகநூலில் போடுவதை மறுநாளைக்குத் தள்ளுங்கள். லைக் எண்ணத் தொடங்கினால் இறக்கி வைத்த பாரம் திரும்ப ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் லென்ஸில் படிந்த உப்பை, லேசாக ஈரம் காட்டிய மென்துணியால் துடைத்துவிடுங்கள்.